நூறுக்குப் பதினைந்தே கால்

டீசல் திருடியவனைப் பிடிக்க நொலீன் ஹாட்ரிக் வரவில்லை. அவனுக்கு நன்றி சொல்ல வந்திருந்தார்.

“எத்தனை கேன்?” என்று கேட்டார்.

லைல் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றான். பாலைவன ஓரத்துச் சிற்றூரான சிடூனாவில் இழுவை வண்டி வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். மேற்கே முந்நூறு கிலோமீட்டர்வரை யார் வண்டி கவிழ்ந்தாலும் லைல் வீட்டு போன்தான் அடிக்கும்.

“என்ன கேன்?”

“ஆர்க்கெல் வண்டியத் தூக்கறதுக்கு முன்னாடி டாங்க்ல இருந்து டீசல இறக்கினியே, அந்தக் கேன்.”

“இறக்கித்தாங்க ஆகணும். ரூல்ஸ் அப்படி.”

“இறக்கினது ரூல்ஸ். வீட்டுக்குக் கொண்டுபோனது?”

லைல் என்னைப் பார்த்தான்.

“என்னப் பாக்காதய்யா” என்றேன். “நான் பீர்ல ஓடற வண்டி.”

அவன் சிரிக்கவில்லை. பட்டறையின் பின்பக்கம் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினான். மூன்று கேன்கள். ஒன்பது நாள் தூசி மேலே படிந்திருந்தது.

“ஒரு சொட்டு எடுக்கல மேடம். எடுக்கணும்னுதான் கொண்டாந்தேன். அப்புறம் அந்தம்மா ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். செத்தவங்க டீசல்ல எப்படி ஓட்டறது?”

“கீழ சிந்திச்சா?”

“இல்ல. வண்டி இடப்பக்கமாப் படுத்திருந்துச்சு. மூடி வலப்பக்கம். இன்ஜின் உடனே நின்னுபோச்சு.”

“லைல், உன் பயம் ஒரு மனுஷனைக் காப்பாத்தப் போகுது. அளவு போட்ட வாளி ஏதாவது இருக்கா?”

இரண்டு கேன்கள் வாய்வரை இருந்தன. தலா இருபது. மூன்றாவதை வாளியில் ஊற்றிப் பார்த்தேன். பதினொன்று. மொத்தம் ஐம்பத்தொரு லிட்டர்.

விஷயம் இதுதான். ஒன்பது நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, எழுபத்தொரு வயது க்ளெம் ஆர்க்கெல்லும் அவர் மனைவி வெர்னாவும் டீசல் ஜீப்பின் பின்னால் படுக்கையும் அடுப்படியும் உள்ள சக்கர வீடான மூன்று டன் காரவனைக் கட்டிக்கொண்டு சிடூனாவிலிருந்து மேற்கே புறப்பட்டார்கள். நூற்றுத் தொண்ணூறாவது கிலோமீட்டரில் காரவன் பாம்புபோல் நெளிந்து, கவிழ்ந்து, ஜீப்பையும் சாய்த்தது. வெர்னா இறந்தார். பின்னாலிருந்து வந்த இரட்டை டிரெய்லர் லாரி ஒன்று தன்னை உரசுவதுபோல் முந்தி, முன்னால் வெட்டியதாக க்ளெம் போலீசிடம் சொன்னார். லாரி ஓட்டியவர் அமர்தீப். தான் யாரையும் முந்தவில்லை, ஓரங்கட்ட வேகத்தைக் குறைத்தபோது பின்னால் சத்தம் கேட்டபிறகுதான் அப்படி ஒரு வண்டியே கண்ணில் பட்டது என்றார். யாரும் நம்பவில்லை. லாரியின் கேமராவை முதலாளி கழற்றி வேறு லாரிக்கு மாட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கோர்ட். ஆள் சாகும்படி ஓட்டியதாகக் குற்றம். நிரூபணமானால் ஜெயில். அமர்தீப்பின் வக்கீல் எங்களை அனுப்பியிருந்தார். அன்று சனிக்கிழமை.

நொலீன் முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்களைக் கண்டுபிடித்தவர். நான் டார்சி ப்ரூயட், டீசல் மெக்கானிக். முதுகு போனபிறகு அவருக்கு வண்டி ஓட்டுகிறேன், இன்ஜின் விஷயம் சொல்கிறேன், மீதி நேரம் வாயாடுகிறேன். மீதி நேரம் நிறைய உண்டு.

நசுங்கிய ஜீப் முற்றத்தின் ஓரத்தில் கிடந்தது. நொலீன் வலப்பக்க ஜன்னல் வழியாக இடுப்புவரை உள்ளே புகுந்து, முன்பெட்டியைக் கிளறி இரண்டு பொருள்களோடு வெளியே வந்தார். ஒன்று, நீல அட்டை போட்ட நோட்டு. இன்னொன்று, மூக்குக் கண்ணாடிக் கூடு.

கூட்டைத் திறந்தார். உள்ளே தடித்த கண்ணாடி. கீறல்கூட இல்லை.

“இந்த வண்டில உடையாத பொருள் இது ஒண்ணுதான்” என்றார்.

“நல்ல கம்பெனி. விளம்பரத்துக்குச் சொல்லலாம்.”

“கிட்டப்பார்வைக் கண்ணாடி டார்சி. தூரம் தெரியாதவங்க போடறது. நெடுஞ்சாலைல முன் சீட்ல உக்காந்திருக்கறவங்க இத ஏன் கழட்டி உள்ள வெக்கணும்?”

“தூங்கியிருப்பாங்க.”

நொலீன் ஐஸ் காப்பி டப்பாவில் ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நோட்டைப் புரட்டினார்.

எங்கள் ஊர்ப் பக்கம் காரவன்காரர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். எங்கே நிரப்பினார்கள், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், என்ன காற்று. பைபிளைப் பாதியில் விடுவார்கள், இதை விடமாட்டார்கள். டாங்கைக் கழுத்துவரை நிரப்பி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, இன்னும் அரை லிட்டர் ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். ஒருவரையொருவர் பார்த்தால் பெயர் கேட்பதற்கு முன்னால் “நூறுக்கு எத்தனை?” என்றுதான் கேட்பார்கள்.

வெர்னாவின் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. போர்ட் அகஸ்டாவிலிருந்து கிம்பா: நூறு கிலோமீட்டருக்கு 20.9. கிம்பாவிலிருந்து சிடூனா: 21.4, எதிர்காற்று. பிறகு சிடூனா, காலை 9.10: ‘கழுத்துவரை. டாங்க் 80. வடமேற்குக் காற்று, பலம்.’

“எண்பதுல ஐம்பத்தொண்ணு போனா?” என்றார் நொலீன்.

“இருபத்தொம்பது.”

“நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டருக்கு.”

மனசுக்குள் வகுத்தேன். இரண்டாம் முறை வகுத்தேன். “நூறுக்குப் பதினைஞ்சே கால்.”

“அதே ஜீப். அதே காரவன். எதிர்க்காத்து. இருபத்தொண்ணரை குடிச்ச வண்டி திடீர்னு பதினைஞ்சே கால் குடிக்குது.”

“விரதம் இருந்திருக்கும்.”

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நீட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு புதிய கட்டம். மேலே தலைப்பு: ‘மூக்குக் கண்ணாடி இல்லாமல்.’ கீழே நான்கு வரிகள்.

9.40, டி.டி.கே. 482.
10.05, டி.டி.கே. 482.
10.35, டி.டி.கே. 482.
11.00, டி.டி.கே. 482.

“அமர்தீப் லாரியோட கடைசி டிரெய்லர் நம்பர்” என்றார் நொலீன். “ஒரு தடவை முந்திப் போன லாரியோட நம்பர எதுக்கு நாலு தடவை எழுதணும்? அந்தத் தலைப்புக்கு என்ன அர்த்தம்?”

அர்த்தம் எனக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

“தெரியல” என்றேன்.

நொலீன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார். “அந்த மூணாவது கேன வண்டில ஏத்து.”

“மத்த ரெண்டும்?”

“அது போதும்.”

*

அந்தக் கேன் பின்னால் தளும்பிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சத்தம். இவ்வளவு சத்தம் போடும் பதினொரு லிட்டரை நான் கேட்டதில்லை.

“மெக்கானிக் நீ. சொல்லு. எப்படிக் கம்மியாச்சு?”

“மெதுவாப் போயிருப்பாங்க. எழுபதுல உருட்டினா வரும்.”

“ஒம்பது பத்துக்கு டீசல் ரசீது. பதினொண்ணே காலுக்கு ஆம்புலன்ஸ்க்கு போன் போயிருக்கு. ரெண்டு மணி அஞ்சு நிமிஷத்துல நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர். தொண்ணூத்தொண்ணுல போயிருக்காங்க.”

“காத்து திரும்பியிருக்கும்.”

“வெர்னாவே வடமேற்குன்னு எழுதியிருக்காங்க. ஆம்புலன்ஸ்காரங்களும் அதத்தான் சொன்னாங்க, ஸ்ட்ரெச்சர் விரிப்பே பறந்துச்சாம்.”

“காரவன்ல இருந்து ஏதாவது எறக்கியிருப்பாங்க. எடை குறைஞ்சா...”

“டார்சி.” அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார். “சமதரையில எடை அவ்வளவா குடிக்காது, காரவனோட மூஞ்சிதான் குடிக்கும், மூணு டன்ன இழுக்கறது சுலபம், காத்த இழுக்கறதுதான் கஷ்டம். இது யார் எனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“நான்.”

“அப்ப அந்தக் காரவன் பாதிக்கு மேல காத்தே இல்லாத ஏதோ ஒரு இடத்துல போயிருக்கு. அந்தச் சாலைல காத்து இல்லாத இடம் எது?”

“தெரியல” என்றேன், இரண்டாவது முறை.

என் அப்பா மரமே இல்லாத நல்லார்பார் சமவெளியில் ரயில் தண்டவாளத்தில் கூலி வேலை செய்தவர். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு தண்டவாளத்தைத் தூக்குவார்கள். ஒருவன் கை நழுவினால் இன்னொருவன் விரல் போகும். கை நழுவவிட்டவன் அந்த நிமிஷமே “நான்தான்” என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு அடியோ திட்டோ கிடையாது. சொல்லாதவனோடு மட்டும் மறுநாள் யாரும் சேர்ந்து தூக்கமாட்டார்கள். பத்து வயதில் அந்த முகாமில் நான் இதைத்தான் படித்தேன். ஐம்பத்து நாலு வயதில் இரண்டு தடவை “தெரியல” சொல்லியாகிவிட்டது.

*

நாலு மணி. காரவன் பூங்காவில் வழக்கம்போல மடக்கு நாற்காலிகள் வட்டமாகக் கூடியிருந்தன. மடியில் பீர், நடுவில் சீஸும் பிஸ்கட்டும். க்ளெம் தங்கியிருந்த மரக் குடிலுக்கு அந்த வட்டத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

“ஏய், டீசல் டார்சி!”

சிவந்த கழுத்துக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “போர்ட் அகஸ்டால உன் பேச்சக் கேட்டேன்யா. நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். டயர் காத்து, கூரைப் பெட்டி, எல்லாம். பதினேழுக்கு வந்துட்டேன்.”

“வால் பிடிக்கற வித்தையச் செஞ்சீங்களா?” என்று பக்கத்திலிருந்த அம்மா கேட்டார்.

“நாளைக்கு நல்லார்பார் போறோம் இல்ல, அங்கதான். இவன் கண்ணாடியக் கழட்டிக் காமிச்சது ஞாபகம் இருக்கா?”

வட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். நொலீன் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

க்ளெம் குடில் வாசலில் உட்கார்ந்திருந்தார். தோளெலும்பு முறிந்து கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. பக்கத்தில் இன்னொரு மடக்கு நாற்காலி, மடக்கியபடியே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வட்டத்தின் சிரிப்பு அங்கேயும் கேட்டிருக்கும்.

நொலீன் வளைத்துப் பேசவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தார்.

“மிஸ்டர் ஆர்க்கெல், உங்க மனைவி எழுதினது. ஒரே லாரி நம்பர், நாலு தடவை. ஒரு மணி இருபது நிமிஷம் அந்த லாரி உங்க கண் முன்னாடியே இருந்திருக்கு. பின்னால இருந்து வந்து முந்துச்சுன்னு போலீஸ்ல சொன்னீங்க.”

க்ளெம் நெடுநேரம் அந்த எழுத்துகளைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு எண்ணைத் தடவினார். பிறகு அவர் சொன்னதில் எங்கள் வழக்கு தலைகீழாகக் கவிழ்ந்தது.

“ஆமா. அதான் அவன் பண்ண அட்டூழியம். முந்துவான், ஓரத்துல நிப்பான். நாங்க தாண்டினதும் மறுபடி முந்துவான். நாலு தடவை. புகார் குடுக்கணும்னுதான் வெர்னா ஒவ்வொரு தடவையும் நம்பர எழுதி வெச்சா. கடைசித் தடவை வெட்டிட்டான்.” அவர் நோட்டைத் திருப்பித் தந்தார். “திங்கக்கிழமை இதக் கோர்ட்ல குடுங்கம்மா. நல்ல சாட்சி.”

அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஆனால் மடக்கி வைத்த நாற்காலியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அமர்தீப்பைக் காப்பாற்றும் என்று நாங்கள் கொண்டுவந்த பக்கம் இப்போது அவரை உள்ளே தள்ளும் பக்கமாக ஆகிவிட்டது. நான்கு நேரம், நான்கு நம்பர், செத்துப்போன பெண்ணின் கையெழுத்து. துரத்தித் துரத்தி வந்தான் என்று எந்த நீதிபதியும் நம்புவார். பதினைந்தே கால் என்று நாங்கள் சொன்னால், டீசல் திருடியவன் கேனில் அளந்த கணக்கு என்று அரசு வக்கீல் சிரிப்பார்.

“அப்ப அந்தத் தலைப்பு?” என்றார் நொலீன். “மூக்குக் கண்ணாடி இல்லாமல்னு?”

“எனக்குத் தெரியாது. அவ எதையாவது எழுதுவா.”

நொலீன் நோட்டை மூடினார். என்னைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஐஸ் காப்பி டப்பாவை அழுத்தி மடித்துக்கொண்டு சும்மா நின்றார். வட்டத்தில் யாரோ யாரிடமோ “நூறுக்கு எத்தனை?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

க்ளெம் கண்ணை மூடிக்கொண்டார்.

“குளிர்காலத்துல காரவன் பூங்காக்கள்ல பேசப் போவேன் நொலீன். டீசல் மிச்சம் பிடிக்கறது எப்படின்னு. டயர், வேகம், பாரம் எல்லாம் ஒழுங்காத்தான் சொல்லுவேன். கடைசில சிரிப்புக்கு ஒண்ணு. நீள லாரிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டா அங்க காத்தே இருக்காது, அவன் காத்த உடைப்பான், நீங்க சும்மா மிதக்கலாம். அதுக்கு நான் வெச்ச பேரு வால் பிடிக்கறது.”

“சரி.”

“மூணு வாரம் முன்னாடி போர்ட் அகஸ்டால முன் வரிசைல ஒரு அம்மா நீல நோட்டோட உக்காந்திருந்தாங்க. ‘எவ்வளவு கிட்டப் போகணும்?’னு கேட்டாங்க. போகவே போகாதீங்கன்னு சொல்லியிருக்கணும். நான் என் கண்ணாடியக் கழட்டினேன். கண்ணச் சுருக்கிக்கிட்டு இப்படி எட்டிப் பாத்தேன். ‘கண்ணாடியக் கழட்டிடுங்க. பின்னாடி நம்பரப் படிக்க முடிஞ்சா அதான் சரியான எடம்’னு சொன்னேன். அறுபது பேரு சிரிச்சாங்க. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டாங்க.”

நான் க்ளெம் பக்கம் திரும்பினேன்.

“அது துரத்தினது இல்ல க்ளெம். அது என் ஜோக். தூரம் சரியா இருக்கான்னு அவங்க நாலு தடவை பாத்திருக்காங்க. பதினொண்ணே காலுக்கு லாரி ஓரங்கட்ட வேகத்தக் குறைச்சிருக்கு. உங்களுக்கு முன்னால டிரெய்லர் கதவு தவிர வேற எதுவும் தெரியல. வலப்பக்கம் ஒடிச்சீங்க. ஒண்ணரை மணி நேரமா காத்தே படாத காரவன் மேல மொத்தக் காத்தும் ஒரே அறையா விழுந்துச்சு.”

க்ளெம் கண்ணைத் திறந்தார். என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அவ அன்னிக்கு எவ்வளவு சிரிச்சா தெரியுமாப்பா” என்றார். “ராத்திரி படுத்தப்புறமும் சிரிச்சா. மூணு நாள் அதையே சொல்லிக்கிட்டிருந்தா. சிடூனால கணக்கு இருபத்தொண்ணத் தாண்டினதும் மூஞ்சி விழுந்துபோச்சு. ‘க்ளெம், அந்த ஆள் சொன்னதப் பண்ணிப் பாக்கலாமா’ன்னா.” அவர் துணித் தொட்டிலைச் சரிசெய்தார். “கண்ணாடியக் கழட்டி உள்ள வெச்சா. ‘தெரியல, இன்னும் கொஞ்சம்’னா. நான் போனேன். ‘இன்னும் கொஞ்சம்’னா.”

“எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க தெரியுமா?” என்று நொலீன் கேட்டார். கொடூரமான கேள்வி. ஆனால் அவர் அதை மெதுவாகத்தான் கேட்டார்.

“தெரியாது.”

“பதினொண்ணரை லிட்டர்.”

எதற்கு அந்தப் பதினொரு லிட்டர் கேனை மட்டும் ஏற்றச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதை அவர் க்ளெம்முக்காகக் கொண்டுவரவில்லை. அது இன்னும் வண்டியில், நான் ஓட்டும் சீட்டின் பின்னால்தான் இருந்தது.

“என் ரெண்டு பொண்ணுங்ககிட்ட நான் என்ன சொல்றது?” என்றார் க்ளெம். “ஒரு வாளி டீசலுக்காக அம்மாவ லாரிக்கு அடில கொண்டுபோனேன்னா? அந்த டிரைவர்தான் முதல்ல ஓடி வந்தான். கதவ ஒடச்சது அவன்தான். அவ தலையத் தன் மடில வெச்சிருந்தான். எல்லாம் தெரியும் எனக்கு.”

“திங்கக்கிழமை இத நீங்க சொன்னா...”

“சொல்லமாட்டேன்மா. கூப்பிட்டா முன்ன சொன்னதையேதான் சொல்லுவேன். வேற சொல்ல எனக்குத் தெம்பில்ல.” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ சொல்லு. நீதான் நல்லாப் பேசுவியே.”

*

வண்டியில் ஏறியதும் நொலீன் ஒரு மஞ்சள் உறையை என் மடியில் போட்டார். உள்ளே வாக்குமூலப் படிவம். மேலே என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. தேதி வியாழக்கிழமை.

“முந்தாநாளேவா?”

“வியாழக்கிழமையே லைல் பட்டறைக்கு வந்தேன். அவன் இல்ல, அவன் தம்பி கதவத் திறந்துவிட்டான். நோட்டைப் பாத்தேன், எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன்.” அவர் பெல்ட்டை மாட்டினார். “ரோட்ல ஒவ்வொரு நீள லாரி வரும்போதும் அந்த ஜோக்க என்கிட்ட சொல்லுவ டார்சி. பதினொரு தடவை கேட்டிருக்கேன். தலைப்பப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப இன்னிக்கு முழுக்க எதுக்கு என்ன இழுத்துக்கிட்டு...”

“நான் சொன்னா அது கேள்விப்பட்ட சேதி. நீ சொன்னா சாட்சி. நீயா சொல்லணும்னு காத்திருந்தேன்.” ஜன்னலை இறக்கிக்கொண்டே, “ரெண்டு தடவை தெரியலன்ன. மூணாவது தடவையும் சொல்லியிருந்தா நாளைக்கு வேற மெக்கானிக் தேடியிருப்பேன்” என்றார்.

நான் இன்ஜினைக் கிளப்பவில்லை. இறங்கி அந்த வட்டத்துக்குத் திரும்பிப் போனேன். நாளைக்கு மேற்கே போகிற சிவந்த கழுத்துக்காரரிடம், வால் பிடிக்கிற வித்தையைச் செய்யக்கூடாது என்றும் அதைச் செய்துதான் அந்தக் குடிலில் இருப்பவரின் மனைவி இறந்தார் என்றும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். அடுத்த ஜோக்குக்கு நான் பீடிகை போடுவதாக நினைத்தார்கள். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அங்கேயே நின்றேன்.

*

அமர்தீப்பின் லாரி ஊருக்கு வெளியே தானியக் கிடங்கின் முற்றத்தில் போலீஸ் முத்திரையோடு நின்றது. இரண்டு டிரெய்லர்கள், முப்பத்தாறு மீட்டர். அவரும் அங்கேதான் இருந்தார். ஒன்பது நாளாக வேலை இல்லாதவர், தினமும் வந்து அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். முப்பது வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“மேடம், ஏதாவது கிடைச்சுதா?”

“கிடைச்சுது” என்றார் நொலீன். “இவர் சொல்லுவார். அதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுக்கணும்.”

அளவு நாடாவின் ஒரு முனையை அவர் கடைசி டிரெய்லரின் நம்பர் பலகைமேல் பிடித்தார். மறு முனையை என்னிடம் தந்தார். நான் பின்னோக்கி நடந்து முப்பதடி தள்ளி நின்றேன். என் கண்ணாடியும் வெர்னாவுடையதும் ஏறக்குறைய ஒரே பவர். கூட்டில் எழுதியிருந்ததைப் பட்டறையிலேயே பார்த்துவிட்டேன்.

“கழட்டு.”

கழற்றினேன். லாரி ஒரு வெள்ளைச் சுவராகக் கரைந்தது.

“படிக்க முடியுதா?”

“இல்ல.”

“கிட்ட வா.”

ஓரடி வைத்தேன். “இல்ல.” இன்னோர் அடி. “இல்ல.” மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒருத்தி இப்படித்தான் பக்கத்துச் சீட்டுக்காரனிடம் சொல்லியிருக்கிறாள், சிரித்துக்கொண்டே. இன்னோர் அடி. டிரெய்லரின் ரப்பர் வாசனை வந்தது. கதவுத் தாழ்ப்பாள் தெரிந்தது. அதற்குக் கீழே கறுப்புப் புழுக்கள்போல எழுத்துகள் நெளிந்து, நின்றன.

“டி.டி.கே.” என்றேன். “நாலு, எட்டு, ரெண்டு.”

நொலீன் நாடாவைப் பார்த்தார். “ஏழு மீட்டர் இருபது. அங்கயே நில்லு.” பிறகு குரலை உயர்த்தினார். “அமர்தீப், மேல ஏறி உங்க சீட்ல உக்காருங்க. ரெண்டு பக்கக் கண்ணாடியும் பாருங்க. உங்களுக்குப் பின்னால யார் நிக்கறாங்க?”

கதவு திறக்கும் சத்தம். சீட் முனகும் சத்தம். முப்பத்தாறு மீட்டருக்கு அப்பால் அவர் இப்படியும் அப்படியும் சாய்ந்து நிதானமாகத் தேடுவது எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் எடுத்துக்கொண்ட நேரம் தெரிந்தது. நியாயமான ஆள். இல்லாததை இல்லை என்று சொல்வதற்குமுன் நன்றாகப் பார்க்கிற ஆள்.

“யாரும் இல்ல மேடம்” என்ற குரல் வந்தது.

நொலீன் நடந்து வந்து மஞ்சள் உறையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். படிவத்தை டிரெய்லரின் கதவில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ‘நான்தான்’ என்று ஆரம்பித்தேன்.